கேட்டைக்குப் பக்கத்து இருட்டு

கச்சான் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் கல்முனைக்குடி வானம் பெரும்பாலும் தெளிந்தே கிடக்கும். இஷா தொழுது இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம் போய்த் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், சற்று மேலே, செம்மஞ்சளாக ஒரு வெள்ளி எரியும். அதுதான் கேட்டை. கரை விளக்குகளை விட்டுத் தொலைவுக்குத் தோணியில் போனவர்களுக்கு அதன் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் படும். வெள்ளி மிகுந்த அந்தத் திசையில், சில இடங்களில் மட்டும் வெள்ளியே இல்லாமல் கரும்பட்டையாகக் கிடக்கும்.

கடலுக்குப் போகும் காக்கா ஒருவர் தேத்தண்ணிக் கடையில் இதைத்தான் கேட்டார். “அந்த இடத்துல மட்டும் ஏன் தம்பி வெள்ளி இல்ல?”

நூறு வருடத்துக்கு மேல் வானியலாளரை அலைக்கழித்த கேள்வி அது. பிளேன்டி ஆறும்வரை அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே விருச்சிகத் திசையைத் தன் தொலைக்காட்டியில் பார்த்தார். அந்தக் கரும்பகுதி உண்மையிலேயே வானத்தில் விழுந்த ஓட்டை என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்த வெள்ளிகளெல்லாம் ஈர்ப்பினால் பக்கத்துக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டன, இடம் காலியாகிவிட்டது என்று காரணமும் ஊகித்தார். அவர் காலத்து அறிவுக்கு அது நியாயமான ஊகம்தான்.

1800இல் அதே ஹேர்ஷல் இன்னொரு வேலை செய்தார். சூரிய ஒளியை அரியத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறியது. பள்ளிக்கூடத்தில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று நாம் படித்ததும், தமிழ்நாட்டார் அகச்சிவப்பு என்று எழுதுவதும் அந்தக் கதிரைத்தான். தான் ஓட்டை என்று நினைத்த இடத்துக்குள் பார்ப்பதற்கான வழியைக் கண்டுபிடித்தவரும் தானே என்பது ஹேர்ஷலுக்குக் கடைசிவரை தெரியாது. விஞ்ஞான வரலாற்றில் என் மனத்தை அதிகம் தொட்ட இடங்களில் இது ஒன்று.

அது ஓட்டை இல்லை, முகில். 1919இல் எட்வர்ட் எமர்சன் பர்னாட் இப்படியான 182 கரும்பகுதிகளைப் படம் எடுத்துப் பட்டியலிட்டார். அவற்றில் பல, பின்னாலுள்ள வெள்ளிகளை மறைத்துக்கொண்டு நம் பக்கத்தில் நிற்கும் தூசி முகில்கள் என்பது அந்தக் காலத்தில்தான் தெளிவாகத் தொடங்கியது.

முகில் என்றதும் காக்கா மழை முகிலை நினைத்தார். இது நீர் முகில் இல்லை. இதில் பெரும்பகுதி ஐதரசன் வாயு. நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் தூசி. காபனும் சிலிக்கேற்றும், மேலே படிந்த பனியும் சேர்ந்த துகள்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் கூறாக வெட்டினால் ஒரு கூறு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு துகள். குளிரோ கடும் குளிர். உள்ளே ஏறக்குறைய மறை 260 பாகை செல்சியசு.

“அவ்வளவு தடிப்பான முகிலா?” என்று கேட்டார். அதுதான் விசேஷம். தடிப்பே கிடையாது. நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள்ளன. அந்த முகிலில் அதே இடத்தில் சில ஆயிரம்தான் இருக்கும். நன்றாகச் செறிந்த மையங்களில் இலட்சக் கணக்கில் இருக்கலாம். நமது ஆய்வுகூடத்தில் அதை வெற்றிடம் என்றே சொல்லிவிடுவோம். ஆனால் முகிலின் நீளத்தை ஒளியாண்டுக் கணக்கில் அளக்கிறோம். ஓர் ஒளியாண்டு ஒன்பது இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீற்றர். அத்தனை தூரம் துகளுக்கு மேல் துகளாகக் குறுக்கே வந்தால், பின்னாலிருந்து வரும் ஒளி வழியிலேயே சிதறித் தீர்ந்துபோகும்.

இந்தக் குளிர்ந்த இருட்டுக்குள்தான் வெள்ளிகள் பிறக்கின்றன. ஏன் குளிரில்? சூடான வாயு விரியப் பார்க்கும். குளிர்ந்த வாயுவிடம் அந்தத் தள்ளும் பலம் குறைவு, அதனால் தன் பாரத்தாலேயே அது உள்ளே விழத் தொடங்குகிறது. முகில் முழுவதும் ஒன்றாக விழுவதில்லை. அங்கங்கே முடிச்சு முடிச்சாகச் செறிந்து, ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியே சுருங்குகிறது. ஆகவே வெள்ளி பிறக்கும் இடத்தைத் தேடுகிறவர் வானத்தில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பகுதிக்குத்தான் போகவேண்டும்.

அங்கே எப்படிப் பார்ப்பது?

கரையோரத் தண்ணீரில் ஒரு கம்பை நட்டு வைத்துக் கவனியுங்கள். சின்னச் சின்னச் சிற்றலைகள் கம்பில் பட்டு உடைந்து சிதறும். நீண்டு வரும் பேரலைக்கோ அங்கே கம்பு இருப்பதே தெரியாது, வந்தபடியே கடந்து போய்விடும். ஒளிக்கும் தூசிக்கும் உள்ள கணக்கும் இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்கிரோமீற்றர்வரை. தூசித் துகளின் பருமனோடு ஒப்பிட்டால் அது சிற்றலை. செந்நிறக்கீழ்க் கதிரில் வானியலாளர் அதிகம் நம்பியிருக்கும் 2.2 மைக்கிரோமீற்றர் பேரலை.

வித்தியாசம் எவ்வளவு என்று எண்ணில் பார்த்தால்தான் மனதில் பதியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் ஒரு முகிலை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னாலுள்ள வெள்ளி நமக்கு இல்லாத மாதிரிதான். அதே முகில் 2.2 மைக்கிரோமீற்றரில் வரும் ஒளியை இரண்டரையில் ஒரு பங்காக மட்டுமே குறைக்கிறது. அங்கே பத்தாயிரம், இங்கே இரண்டரை.

கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றால் நம்பாத பிள்ளைகளுக்கு ஒன்று செய்து காட்டலாம். டீவி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. திரையில் சின்ன விளக்கு மின்னும். ரிமோட்டிலிருந்து வருவது 0.9 மைக்கிரோமீற்றர் அளவுள்ள செந்நிறக்கீழ்க் கதிர். சில கைப்பேசிகளின் பின்பக்கக் கமராவில் இதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்பக்கமே நல்லது.

தூசியை ஊடுருவுவது ஒரு காரணம். இரண்டாவது காரணம் பிறக்கும் வெள்ளியிலேயே உள்ளது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அலைநீளத்தில் ஒளிர்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை. அது அதிகம் ஒளிர்வது 0.5 மைக்கிரோமீற்றரில். நீங்களும் நானும் இந்தக் கடை மேசையும் 10 மைக்கிரோமீற்றரை அண்டி ஒளிர்ந்துகொண்டிருக்கிறோம். புதிதாகப் பிறந்த வெள்ளியைச் சுற்றியிருக்கும் தூசிப் போர்வை அதன் ஒளியை விழுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டைச் செந்நிறக்கீழ்க் கதிராக வெளியே விடுகிறது. மறைத்து நிற்கும் தூசியே உள்ளே ஒரு வெள்ளி உண்டு என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1960களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் எரிக் பெக்லின் என்ற ஆய்வு மாணவர் அந்தப் போர்வையின் ஒளியைத்தான் பிடித்தார். ஓரியனில் வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகளை எல்லாரும் அறிவோம். அந்த மூன்றும் நமக்கு நேர் கிழக்கே, கடலிலிருந்து எழும்பி, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலால் போகும். அதன் கீழே மங்கலாக ஒரு புகைத்திட்டுத் தெரியும். அதுதான் ஓரியன் நெபியுலா. 2.2 மைக்கிரோமீற்றரில் அதை வரி வரியாக அளந்துகொண்டு போன பெக்லினுக்கு, படங்களில் எதுவும் இல்லாத ஓரிடத்தில் மிகப் பிரகாசமான ஒரு புள்ளி கிடைத்தது. பேராசிரியர் கெரி நொய்கெபவரோடு சேர்ந்து 1967இல் அதை வெளியிட்டார். இருவர் பெயராலேயே அந்தப் பொருள் இன்றும் அழைக்கப்படுகிறது. முகிலுக்குள் புதைந்திருக்கும் இளம் பெருவெள்ளி அது.

இங்கே ஒரு சிக்கல். சூடான எல்லாம் இந்தக் கதிரை விடுமென்றால் தொலைக்காட்டியும் விடும், அதன் மேலுள்ள காற்றும் விடும். போதாததற்குக் காற்றிலுள்ள நீராவி இந்தக் கதிரின் பல பகுதிகளை விழுங்கிவிடும். வேர்த்துக் கொட்டும் நம் கரையோரம் இந்த வேலைக்கு ஆகாது. இந்தியர்கள் லடாக்கில் ஹன்லே என்ற இடத்தில், ஏறக்குறைய 4,500 மீற்றர் உயரத்தில், காய்ந்த குளிர்ப்பாலைவனத்தில் 2 மீற்றர் தொலைக்காட்டியை வைத்திருப்பது அதனால்தான். அதைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயில் இருந்துகொண்டே செய்மதி வழியாக இயக்குகிறார்கள். இன்னும் நல்லது காற்றையே விட்டு வெளியேறுவது. 1983இல் ஐராஸ், 2003இல் ஸ்பிட்சர், 2021 டிசம்பர் 25இல் ஜேம்ஸ் வெப் என்று விண்வெளித் தொலைக்காட்டிகள் மேலே போயின. வெப்பின் கண்ணாடி 6.5 மீற்றர் அகலம். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, பெரிய வெயில் மறைப்பின் நிழலில், மறை 220 பாகைக்கும் கீழான குளிரில் அது நிற்கிறது. 2023 ஜூலையில், அதன் ஆய்வுப் பணியின் முதலாண்டு நிறைவுக்கு வெளியான படம் எந்த இடத்தினுடையது தெரியுமா? காக்கா கேட்ட அதே கேட்டைப் பக்கத்து முகில். 390 ஒளியாண்டு தூரத்தில், அந்த ஒரு படத்துக்குள் மட்டும் ஐம்பதளவு இளம் வெள்ளிகள்.

“அப்ப வேலை முடிஞ்சுதே. கமராவைத் திருப்பினா வெள்ளி தெரியுது” என்றார் காக்கா.

வேலை அங்கேதான் தொடங்குகிறது. என் அபிப்பிராயத்தில் இந்தத் துறையின் உண்மையான கெட்டித்தனம் பார்ப்பதில் இல்லை, பார்த்ததைத் தரம் பிரிப்பதில்தான் உள்ளது. முகிலுக்குப் பின்னால் வெகுதூரத்தில் வயதேறிய செவ்வெள்ளி ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். தூசிக்குள்ளால் வரும்போது அதன் ஒளியும் சிவந்துதான் வரும். முகிலுக்குள் இருக்கும் இளசும் சிவப்பு, பின்னாலிருக்கும் கிழடும் சிவப்பு. எது எது என்று எப்படிச் சொல்வது?

மூன்று வடிகட்டிகள் போதும். 1.25, 1.65, 2.2 என்று மூன்று அலைநீளங்களில் ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் அளக்கவேண்டும். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் எண். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் இன்னோர் எண். முதல் எண்ணை வரைபுத் தாளில் நிலைக்குத்தாகவும் மற்றதைக் கிடையாகவும் குறிக்கவேண்டும். தூசி எதுவும் மறைக்காத சாதாரண வெள்ளிகள் தாளின் கீழே ஒரு குறுகிய வளைகோட்டில் வந்து உட்காரும். தூசி மறைத்த வெள்ளிகள் அந்த வளைகோட்டிலிருந்து மேலே, வலப்பக்கமாகச் சாய்ந்து நகரும். ஆனால் கண்டபடி நகராது. எவ்வளவு தூசி இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் நகரும். ஆகவே தூசியால் மட்டும் சிவந்தவை எல்லாம் ஒரு சாய்ந்த பட்டைக்குள் அடங்கிவிடும்.

இளம் வெள்ளியிடம் கூடுதலாக ஒன்று உள்ளது. சுருங்கும்போது முடிச்சு சுழல்வதால், உள்ளே விழும் பொருள் எல்லாம் நேரே வெள்ளியில் விழாது. அதைச் சுற்றித் தட்டையான வட்டாகப் படியும். பிற்காலத்தில் கோள்கள் உருவாவதும் அந்த வட்டிலிருந்துதான். அந்த வட்டின் உட்பகுதி வெள்ளிக்கு மிக அருகே சுட்டுக்கொண்டிருக்கும். அதன் சூடு 2.2 மைக்கிரோமீற்றரில் கூடுதல் ஒளியாகச் சேரும், 1.25இல் அவ்வளவு சேராது. அதனால் அந்தப் புள்ளி பட்டையை விட்டு வலப்பக்கமாக வெளியே போய் விழும். தாளைப் பார்த்தால் போதும். பட்டைக்குள் இருப்பவை கிழடாகவும் இருக்கலாம், பட்டைக்கு வெளியே வலப்பக்கம் தனித்து நிற்பவற்றில் பெரும்பாலானவை வட்டோடு கூடிய இளசுகள்.

பெரும்பாலானவை என்று சொல்லக் காரணம் உள்ளது. வட்டு நிலைத்து நிற்பதில்லை. முப்பது இலட்சம் வருடத்துக்குள் ஏறக்குறைய பாதி வெள்ளிகள் தங்கள் வட்டை இழந்துவிடுகின்றன. நமது சூரியனின் வயது 460 கோடி வருடம் என்பதை வைத்துப் பார்த்தால் முப்பது இலட்சம் ஒன்றுமே இல்லை. வட்டை இழந்த இளம் வெள்ளி பட்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தொலைதூரத்துப் பால்வீதிகளும், தூசியைக் கக்கும் முதிர்ந்த வெள்ளிகளும் பட்டைக்கு வெளியே வந்து நின்று ஏமாற்றும். கடைசித் தீர்ப்புக்கு, ஒளியை நிறம் நிறமாக விரித்துக் காட்டும் நிறமாலைதான் வேண்டும்.

இந்த வட்டுத் தேடலில் பெயர்பெற்றவர் நம் நாட்டில் பிறந்த ஒருவர். ரே ஜயவர்தன 1998இல் ஹாவர்ட்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, சிலியிலுள்ள 4 மீற்றர் தொலைக்காட்டியில் செந்நிறக்கீழ்க் கமராவைப் பூட்டிப் பார்த்த குழுவை முன்னின்று நடத்தினார். எச்.ஆர். 4796 ஏ என்ற வெள்ளியைச் சுற்றியிருந்த தூசி வட்டு அவர்களுக்குப் படமாகவே கிடைத்தது. அதே காலத்தில் ஹவாயிலிருந்து இன்னொரு குழுவும் தனியே அதைக் கண்டது. வெள்ளியின் வயது ஏறக்குறைய ஒரு கோடி வருடம். வட்டின் நடுப்பகுதியில் தூசி துப்புரவாகியிருந்தது. அங்கே கோள்கள் உருவாகிக் கூட்டி எடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே எழுந்தது. அந்த வெள்ளி நம் ஊரிலிருந்து தெரியும் தென்வானத்தில்தான் உள்ளது, கண்ணுக்கு எட்டுவதும் எட்டாததுமான பிரகாசத்தில்.

அதன் பிறகு அவர் தேடியது இன்னும் சிறியவற்றை. வெள்ளியாக எரிவதற்கு நிறை போதாமல் போன பொருள்கள் உண்டு. வியாழனைப் போல் 75 மடங்குக்குக் கீழே நின்றுவிட்டால் ஐதரசன் எரியாது. அவற்றைக் கபிலக் குள்ளன் என்பார்கள். அதற்கும் கீழே, கோள் அளவே உள்ளவை எந்த வெள்ளியையும் சுற்றாமல் தனியே உலாவுகின்றனவா? முகில் சுருங்கி உண்டாகக்கூடிய மிகச் சிறிய பொருள் எது? இந்தக் கேள்வியோடு ஜயவர்தனவும் அடம் லாங்கவெல்டும் சகாக்களும் வெப்பைத் திருப்பிய இடம் என்.ஜி.சி. 1333.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது லேசு. பெப்ரவரியில் மழை விட்டபின், மஃரிப் தொழுது வெளியே வந்து வடக்கே உச்சிக்குச் சற்றுக் கீழே பாருங்கள். கொத்தாக நிற்பது கார்த்திகை, அரபியில் துரையா. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால், அதிலிருந்து ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் வடக்கே உள்ளது அந்த முகில். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் ஒளியாண்டு தூரம். அங்கேயுள்ள வெள்ளிகளின் வயது பத்து முதல் முப்பது இலட்சம் வருடம்.

வெப் அங்கே ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் ஒரே நேரத்தில் நிறமாலையாக விரித்தது. சூடு குறைந்த பொருள்களின் வளிமண்டலத்தில் நீராவி உண்டு, அது 1.4, 1.9 மைக்கிரோமீற்றர்களில் ஒளியை விழுங்கி நிறமாலையில் இரண்டு பள்ளம் போட்டுவிடும். அதைத்தான் தேடினார்கள். பூமியிலிருந்து தேடினால் நம் காற்றின் நீராவியே அதே இரண்டு இடத்தையும் மறைத்துவிடும். நீரைத் தேட நீரில்லாத இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. இளசா என்பதையும் நிறமாலையே சொல்லும். இளம் பொருள் இன்னும் சுருங்கி முடியாமல் உப்பியிருப்பதால் மேற்பரப்பில் ஈர்ப்புக் குறைவு. அந்தக் குறைவினால் இரண்டு பள்ளங்களுக்கும் நடுவிலுள்ள மேடு கூர்ந்து முக்கோணமாகிவிடும்.

2024இல் முடிவு வந்தது. வியாழனைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நிறையுள்ள ஆறு பொருள்கள், எந்த வெள்ளிக்கும் சொந்தமில்லாமல் தனியே. அவற்றில் மிகச் சிறியது ஐந்து வியாழன் அளவு. அதைச் சுற்றியும் தூசி வட்டு. வட்டு உண்டென்றால் அதுவும் பெரும்பாலும் வெள்ளியைப் போலவே முகில் சுருங்கிப் பிறந்தது. இன்னும் சிறியதைப் பிடிக்க வெப்பால் முடியும், தேடியும் பார்த்தார்கள், ஐந்துக்குக் கீழே ஒன்றும் அகப்படவில்லை. முகில் சுருங்கிப் பிறப்பதற்கு அடிமட்ட எல்லை அங்கே இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

காக்கா கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: “நம்மட பிள்ளைகள் இதச் செய்ய ஏலுமா?”

ஏலும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 1997 முதல் 2001வரை வானம் முழுவதையும் அந்த மூன்று அலைநீளங்களிலும் அளந்த டூமாஸ் என்ற கணக்கெடுப்பின் பட்டியலில் 47 கோடிப் புள்ளிகள் உள்ளன. யாரும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். 2014இல் நாசா தொடங்கிய டிஸ்க் டிடெக்டிவ் என்ற பொதுமக்கள் ஆய்வில் விஞ்ஞானி அல்லாதவர்களும் வட்டுள்ள வெள்ளிகளைத் தேடினார்கள். அப்படித் தேடிக் கண்டவர்களின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசையில் வந்துள்ளன.

ஸாஹிறாவிலும் மஹ்மூதிலும் சுற்றியுள்ள பாடசாலைகளிலும் உயர்தர பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். என்.ஜி.சி. 1333ஐச் சுற்றியுள்ள ஒரு சிறு பகுதிக்கு அந்தப் பட்டியலை எடுங்கள். பிள்ளைகளிடம் வரைபுத் தாளைக் கொடுத்து, மேலே சொன்ன இரண்டு வித்தியாசங்களையும் கணித்துப் புள்ளி போடச் சொல்லுங்கள். கழித்தல் தெரிந்தால் போதும். பட்டைக்கு வெளியே வலப்பக்கம் விழும் புள்ளிகளை அவர்களே அடையாளம் காணட்டும்.